புள்ளத்தாச்சிக்கு விம்கோ நகர் மெட்ரோ: ரயிலுக்கு 9, படிக்கட்டுக்கு 4

திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே வீட்டில் ஆளாளுக்கு ஒரு தடை போடுவார்கள். "ஆட்டோல ஏறாத, குலுங்கும்." "கரன்ட் ட்ரெயின் வேணாம், இடிப்பாங்க." "மெட்ரோவா? அவ்ளோ படி ஏறுவியா நீ?" மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் செக்கப்புக்குப் போகாமல் இருக்க முடியாதே. 28 வாரம் வரை மாதம் ஒரு முறை, 36 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வாரா வாரம் என்பதுதான் வழக்கம். மூன்றாம் மாதத்தில் பதிவு செய்தவருக்குக் கணக்குப் போட்டால் 13 முறை வரும். போக வர 26 பயணம். வயிறு சின்னதாக இருக்கும்போது அலைச்சல் குறைவு, பெருத்த பிறகுதான் அதிகம். அதனால் எதில் போவது என்பதை எட்டாம் மாதத்து உடம்பை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

இங்கே எடுத்துக்கொண்டது சென்னை மெட்ரோ நீல வழித்தடத்தின் வடக்குத் துண்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரி 14 அன்று திறந்த 9 கி.மீ. திருவொற்றியூர் தேரடியும் விம்கோ நகர் பணிமனையும் 2022 மார்ச்சில்தான் சேர்ந்தன. இந்தப் பக்கத்துக் கர்ப்பிணிகள் போகும் அரசு ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் இந்தத் தடத்தை ஒட்டியே இருக்கின்றன: ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, ஒரு மாறுதல் செய்தால் எழும்பூர் தாய்சேய் மருத்துவமனை.

முதலில் ரயில். குறை சொல்ல அதிகம் இல்லை. நடைமேடையும் பெட்டியின் தரையும் ஒரே மட்டம். காலைத் தூக்கி வைக்கும் வேலையே கிடையாது. வயிறு முன்னே தள்ளும்போது உடம்பின் பாரம் மாறிவிடும், இடுப்பு மூட்டுகள் தளர்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு படி குறைந்தாலும் லாபம். சுரங்க ஸ்டேஷன்களில் நடைமேடை ஓரம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு இருக்கிறது, ரயில் வந்து நின்ற பிறகுதான் கதவு திறக்கும். மேம்பாலத்து ஸ்டேஷன்களில் அது இல்லை. அங்கே மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்பதோடு, மழை நாளில் இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும்: சாரல் அடித்துத் தரை வழுக்கும். அடிப்பாகம் தேய்ந்த ரப்பர் செருப்போடு அந்தத் தரையில் நடக்கவே கூடாது. பின்னால் பட்டை வைத்த, தட்டையான செருப்பு 400 ரூபாய்க்குள் கிடைக்கும். எட்டாம் மாதத்துக்கு அதைவிட நல்ல செலவு இல்லை.

இருக்கை விஷயத்தில் ஒரு நுணுக்கம். மெட்ரோவில் சீட் சுவரை ஒட்டி நீளவாக்கில் இருக்கும், மெத்தை கிடையாது. ரயில் வேகம் எடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் உட்கார்ந்திருப்பவர் பக்கவாட்டில் சறுக்குவார். சாதாரண உடம்புக்கு அது தெரியாது. வயிறு இருக்கும்போது, சறுக்காமல் இருக்க அடிவயிற்றுத் தசையை இறுக்கிப் பிடிப்போம். பத்து ஸ்டேஷன் தாண்டினால் இடுப்பில் வலி பிடிக்கும். எனவே நடு சீட்டை விட்டுவிட்டு, வரிசையின் ஓரத்தில் தடுப்பை ஒட்டிய சீட்டைக் கேளுங்கள். தோள் தடுப்பில் சாய்ந்துகொள்ளும், கம்பியும் கைக்கு எட்டும். ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி முதுகின் அடிப்பகுதியில் வைத்தால் சுவருக்கும் முதுகுக்கும் இடையிலுள்ள வளைவு நிரம்பும். கால் இரண்டும் தரையில் அகல ஊன்றியிருக்கட்டும். கால் மேல் கால் போடுவது வேண்டாம். கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும், கெண்டைக்காலில் ஓட்டம் தடைபடக் கூடாது.

சீட் கேட்பதில் நம் பெண்களுக்குக் கூச்சம் அதிகம். ஐந்தாம் மாதம் வரை புடவையில் வயிறு வெளியே தெரியாது, மயக்கமும் வாந்தியும் அப்போதுதான் அதிகம். ஃபோனில் தலை கவிழ்ந்திருப்பவர் பார்த்து எழுந்திருப்பார் என்று காத்திருந்தால் இறங்கும் ஸ்டேஷன் வந்துவிடும். "தம்பி, நான் மாசமா இருக்கேன், கொஞ்சம் உக்காரணும்" என்று ஒரு வரி. யாரும் மறுப்பதில்லை. மகளிர் பெட்டி ரயிலின் ஒரு முனையில் இருக்கிறது. கூட்ட நேரத்தில் அங்கே இடிபாடு குறைவு. ஆனால் லிஃப்ட் நடைமேடையின் எந்த இடத்தில் திறக்கிறது என்று முதல் தடவையே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். மகளிர் பெட்டியிலிருந்து நடைமேடை நீளத்துக்கு நடக்க வேண்டி வந்தால், ஒன்பதாம் மாதத்தில் பொதுப் பெட்டியே மேல்.

நிற்க நேர்ந்தால் ஆடாமல் நிற்பதுதான் தவறு. ரத்தம் காலில் தேங்கி, வெயிலில் வந்த உடம்பு ஏசியில் நுழைந்ததும் கண் இருட்டும். குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள், கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து. அப்படியும் தலை சுற்றினால் சங்கடப்படாமல் தரையிலேயே உட்காருங்கள். உட்கார்ந்தவர் விழமாட்டார்.

ரயிலுக்குப் பத்துக்கு 9 தரலாம். இனிப் படிக்கட்டு, அதற்கு 4தான்.

மேம்பாலத்து ஸ்டேஷன் என்றால் தெருவிலிருந்து டிக்கெட் தளம், அங்கிருந்து நடைமேடை என்று இரண்டு ஏற்றம். லிஃப்டும் அப்படியே இரண்டாகப் பிரிந்திருக்கும். இறங்கும் இடத்திலும் இரண்டு. ஆக ஒரு வழிப் பயணத்துக்கு நாலு லிஃப்ட், போக வர எட்டு. எட்டில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் அன்றைய பயணம் படிக்கட்டுப் பயணம்தான். எல்லா நுழைவாயிலிலும் லிஃப்ட் இருக்காது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ரோட்டின் எந்தப் பக்கம் லிஃப்ட் என்று தெரியாமல் ஆட்டோக்காரரை எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொன்னால், கன்டெய்னர் லாரிக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் ரோட்டைக் கடக்க வேண்டியிருக்கும். வீட்டில் யாராவது ஒருவர் முதல் செக்கப்புக்கு முந்தின நாள் போய்ப் பார்த்துவருவது நல்லது.

எஸ்கலேட்டர் இருக்கிறதே என்பார்கள். பல வாசல்களில் ஏறுவதற்குத்தான் எஸ்கலேட்டர், இறங்குவதற்குப் படி. ஏறுவதில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஆபத்து இறங்குவதில். ஏழாம் மாதத்துக்கு மேல் குனிந்து பார்த்தால் வயிறுதான் தெரியும், படியின் நுனி தெரியாது. கால் படியைத் தேடும், உடம்பு அதற்குள் முன்னே சாய்ந்துவிடும். வேறு வழியில்லாமல் இறங்க வேண்டி வந்தால் கைப்பிடிச் சுவரை ஒட்டி, உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்த பிறகு அடுத்த படி. கூட வருபவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவது பயனில்லை. ஒரு படி கீழே, முன்னால் போக வேண்டும். எஸ்கலேட்டரில் புடவைக் கொசுவத்தையும் துப்பட்டா முனையையும் கையில் சுருட்டிப் பிடியுங்கள். ஓரத் தடுப்புக்கும் படிக்கும் இடையிலுள்ள இடுக்குதான் துணியை இழுக்கும்.

லிஃப்ட் நின்றுபோயிருந்தால் படியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு முன் டிக்கெட் கவுன்ட்டரில் கேளுங்கள். வேறு வாசலில் ஓடும் லிஃப்ட் எது என்று அவர்களுக்குத் தெரியும். வீல்சேரும் கேட்டால் தருவார்கள். "எனக்கெதுக்கு வீல்சேர், நான் என்ன நோயாளியா" என்ற ரோஷம் கால் வீங்கியிருக்கும் நாளில் வேண்டாம். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் அலாரம் பட்டனை ஒரு தட்டு தட்டிவிட்டு விடாமல், மறுமுனையில் குரல் கேட்கும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

டிக்கெட் கேட்டில் அகலமானது ஒன்று தனியாக இருக்கும், வீல்சேருக்கும் பெரிய பைக்கும். அதில் போங்கள். ஒல்லிக் கேட்டின் இறக்கைகள் மூடும் உயரம் ஏறக்குறைய வயிற்று மட்டம். நுழைவாயிலில் இருக்கும் மெட்டல் டிடெக்டர் வாசலைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அதில் எக்ஸ்ரே இல்லை, வலுக்குறைந்த காந்தப் புலம்தான். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. எக்ஸ்ரே பையை விழுங்கும் பெட்டியில்தான், அதற்குள் போவது பை மட்டும்.

கட்டணம் கட்டுப்படியாகும். 5 கி.மீ.க்கு மேல் 12 கி.மீ. வரை 30 ரூபாய். க்யூஆர் டிக்கெட்டிலோ கார்டிலோ போனால் 20 சதவீதம் குறைந்து 24. இரண்டு பேர் போய் வர 96 ரூபாய். ஆனால் அந்த 96 ரூபாயோடு கதை முடிவதில்லை, இரண்டு முனையிலும் ஆட்டோ இருக்கிறது.

ஆர்.எஸ்.ஆர்.எம்.முக்கு வண்ணாரப்பேட்டையிலோ தியாகராயா கல்லூரியிலோ இறங்க வேண்டும். மேப்பைப் பார்த்தால் நடக்கும் தூரம் போலத் தெரியும். நடக்காதீர்கள். நடைபாதையில் கடை, கடைக்கு வெளியே பைக், பைக்குக்கு வெளியே நீங்கள். பழைய வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக் கூட்டத்தில் ஒரு கட்டைப் பை வயிற்றில் இடித்தால் போதும், அன்று முழுக்க மனசு அடித்துக்கொள்ளும். ஆட்டோவில் நடுவில் உட்காருங்கள். பின் சக்கரங்கள் சீட்டின் இரு ஓரத்துக்கும் கீழே இருப்பதால் பள்ளத்தில் ஓரம்தான் அதிகம் தூக்கிப்போடும். முதுகு முழுக்கச் சாய்ந்திருக்க வேண்டும், ஒரு கை முன்கம்பியில். "அண்ணா, ஸ்பீட் பிரேக்கர்ல மட்டும் ஸ்லோ பண்ணிக்குங்க, மாசமா இருக்காங்க" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டால் வடசென்னை ஆட்டோக்காரர் பூப்போலக் கொண்டுபோய் இறக்குவார். பள்ளத்துக்குப் பள்ளம் "பாத்து, பாத்து" என்று கத்தினால்தான் எரிச்சல்.

ஆட்டோ குலுங்கினால் பிரசவ வலி வந்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. சாதாரணக் குலுங்கலால் வலி எடுக்காது. பயப்பட வேண்டியது வேறு: திடீர் பிரேக்கில் வயிறு கம்பியில் மோதுவது, வண்டி கவிழ்வது, கீழே விழுவது. வயிற்றில் அடிபட்டால் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியக்கூடும். வெளியே காயம் இல்லை, வலி இல்லை என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரியில் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்தாக வேண்டும். ஷேர் ஆட்டோவில் பின்பக்கம் பார்த்து உட்காரும் பலகை சீட்டும், பைக்கில் ஒருசாய்த்து உட்காருவதும் இந்தக் காரணத்தால்தான் வேண்டாம் என்பது.

கார் புக் செய்தால் பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும். வயிற்றை அழுத்தும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பை ஒட்டி. மேல்பட்டை மார்புக்கு நடுவே இறங்கி வயிற்றின் பக்கவாட்டில். வயிற்றுக்குக் குறுக்கே எந்தப் பட்டையும் ஓடக் கூடாது.

மின்சார ரயிலோடு ஒப்பிட்டால் மெட்ரோ எங்கேயோ இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தடத்தில் 5 ரூபாய் டிக்கெட், எண்ணூர், மீஞ்சூர்க்காரர்களுக்கு வேறு ரயிலும் இல்லை, அது சரி. ஆனால் பெட்டி நடைமேடையைவிட உயரம், நடுவில் இடைவெளி, வண்டி நிற்பது அரை நிமிடம், கதவு மூடாது. இறங்குபவர் முடிப்பதற்குள் ஏறுபவர் தள்ளுவார். பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் சிக்னலுக்கு நின்றுவிட்டால் மின்விசிறிக் காற்றுதான் கதி. எண்ணூரிலிருந்து வருபவர் விம்கோ நகரில் இறங்கி மெட்ரோவுக்கு மாறுவது நேரத்தில் லாபம் தராது, உடம்புக்குத் தரும். கத்திவாக்கம், எண்ணூர்ப் பெண்கள் ஏழாம் மாதத்துக்கு மேல் காலை 8 முதல் 10 வரை மின்சார ரயிலைத் தவிர்ப்பதே நல்லது.

பஸ் மோசம் இல்லை, பஸ்ஸைப் பொறுத்தது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். அதே பஸ்ஸில் மூன்று உயரப் படி. தாழ்தளப் பேருந்து வேறு சாதி: 2024-லிருந்து வருபவை ஸ்டாப்பில் ஒரு பக்கம் சாய்ந்து இறங்கிக் கொடுக்கும், 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பிய மின்சாரப் பேருந்துகளும் தாழ்தளம்தான். எதில் ஏறினாலும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட சீட்டைப் பிடியுங்கள். கடைசி வரிசை பின் சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் ஊஞ்சல் பலகையின் நுனி மாதிரி, அதிகம் தூக்கிப்போடுவது அங்கேதான்.

மசக்கைக் காலத்துக்கு மெட்ரோ ஒரு வரப்பிரசாதம் என்று சொல்லலாம், காரணம் காசிமேடு. காலையில் மீன் இறங்கும் நேரத்தில் அந்த வழி ஆட்டோவில் போய்ப் பாருங்கள். மீன் வாசம் பிடித்த நமக்கே சில நாள் முடியாது, மூன்று மாதக்காரிக்கு எப்படி இருக்கும்? எண்ணூர் விரைவுச்சாலையின் லாரிப் புகை வேறு. ஏசிப் பெட்டியில் அந்த இரண்டும் இல்லை. இருந்தாலும் பையில் இரண்டு பாலித்தீன் கவர், ஈரத்துணி, உப்பு பிஸ்கட், ஒரு லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு கிளம்பினால் குமட்டல் கூடும். சிறுநீர் வருமே என்று தண்ணீரைக் குறைப்பது பெரிய தவறு, நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும். ஸ்டேஷனில் கழிவறை இருக்கிறது. டிக்கெட் கேட்டுக்கு எந்தப் பக்கம் என்று நுழையும்போதே கேட்டுவைத்துக்கொண்டால் போதும்.

சர்க்கரைப் பரிசோதனை நாளுக்குத் தனித் திட்டம் வேண்டும். 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கலந்து குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். பாதியில் வாந்தி எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. வீட்டிலேயே குடித்துவிட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று கிளம்புபவர்கள் ஆட்டோவிலேயே வாந்தி எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் குடித்து, அங்கேயே நிழலில் உட்காருங்கள்.

எழும்பூருக்குப் போகிறவர்கள் சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும், அங்கிருந்து ஒரே ஸ்டேஷன். இரண்டு தடமும் வெவ்வேறு மட்டத்தில் ஓடுகின்றன, நடுவில் வெளியூர்க்காரர்களின் பெட்டி படுக்கைக் கூட்டம். லிஃப்ட் வரிசையில் டிராலிகள் நிற்கும். மாறுவதற்கு மட்டும் 15 நிமிடம் ஒதுக்குங்கள். காலை ஓ.பி.க்கு 7 மணிக்குள் போய்விடுவது நல்லது. மெட்ரோ 5 மணிக்கே ஓடத் தொடங்கிவிடுகிறது, 8 மணிக் கூட்டத்துக்கும் தப்பிக்கலாம்.

மணலிக்காரர்களுக்கு இந்தத் தடம் பாதி உதவிதான். ரயில் பாதையைத் தாண்டித் திருவொற்றியூர் வந்தால்தான் மெட்ரோ. வடகிழக்குப் பருவமழையில் மாணிக்கம் நகர் சுரங்கப்பாதை தண்ணீரில் நின்றுவிடும். வியாசர்பாடிப் பக்கம் கணேசபுரம் சுரங்கப்பாதையும் அப்படித்தான். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் நாள் குறித்திருப்பவர்கள் பாலம் வழியாக ஒரு பாதையை முன்கூட்டியே போய்ப் பார்த்துவைக்க வேண்டும், கூடுதலாக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதோடு.

ரயிலுக்குள் வலி எடுத்தாலோ மயக்கம் வந்தாலோ பெட்டியின் கதவருகே ஓட்டுநரோடு பேசும் பொத்தான் இருக்கிறது. அதில் சொன்னால் அடுத்த ஸ்டேஷனில் ஆள் தயாராக நிற்பார்கள். நடுவழியில் வண்டியை நிறுத்த முயற்சிப்பது உதவியைத் தாமதப்படுத்தும். தாய்சேய் நல அட்டையும் ஆதாரும் கூட வருபவர் கையில் இல்லாமல், அந்தப் பெண்ணின் தோள்பையிலேயே இருக்கட்டும். வழியில் பிரிந்துபோனாலும் அட்டை அவளோடு போகும். ரத்தக் கசிவு, பனிக்குடம் உடைதல், கண் மங்கலோடு கடும் தலைவலி, குழந்தையின் அசைவு குறைவது, வலிப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் மெட்ரோ, ஆட்டோ என்று யோசிக்காமல் 108.

பிரசவம் முடிந்து அரசு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப 102 தாய்சேய் ஊர்தி வீடு வரை இலவசமாகக் கொண்டுவிடும். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போதே வார்டில் சொல்லிவைக்க வேண்டும். வாசலுக்கு வந்த பிறகு கேட்டால் வண்டி வரும் வரை தையல் போட்ட உடம்போடு மரத்தடியில் உட்கார்ந்திருக்க நேரும்.